எதிர்வீட்டு சிஐடி

“மூணு மடங்கா? இது காருக்கா, கப்பலுக்கா?”

காருக்கு இன்ஷூரன்ஸ் போட வந்த லிஃப்ட் மெக்கானிக் போட்ட சத்தத்தில், அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள்.

“குடிச்சுட்டு ஓட்டினதுக்குக் கோர்ட்ல தண்டனை ஆயிருக்கு சார். பழைய கம்பெனி உங்களைக் கழட்டி விட்டுட்டாங்க. நாங்க எடுத்துக்கிறதே பெரிய விஷயம். கொஞ்ச வருஷம் எந்த வம்பும் இல்லாம ஓட்டுங்க, தானா குறையும்.”

“அபராதம் கட்டியாச்சு. ஒரு வருஷம் லைசென்சை முடக்கி வெச்சாச்சு. குடியைப் பத்தி வகுப்பு எடுத்தாங்க, அங்கயும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து வந்தாச்சு. இன்னுமா தீரல?”

“அது கோர்ட் கொடுத்தது சார். இது எங்க கணக்கு.”

அவன் பல்லைக் கடித்தான். பக்கத்தில் இருந்த மனைவியிடம் திரும்பினான்.

“எல்லாம் அந்த சிஐடியால வந்த வினை!”

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சிஐடி என்பது எதிர்வீட்டுக்காரருக்கு அவன் வைத்த பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

போன வருஷம் நண்பன் வீட்டு விருந்தில் மத்தியானமே மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தவன், நீச்சல் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பினான். மனைவி சாவியைப் பிடுங்கப் பார்த்தாள். உதறிவிட்டுப் போனான். பெரிய ரோட்டில் ஏறியதுமே போலீஸ் மடக்கியது.

“உங்க தெருவுல இருந்துதான்யா தகவல் வந்துச்சு” என்றார் போலீஸ்காரர்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியவன், நடுத்தெருவில் நின்று, “எவன்டா போன் பண்ணினது?” என்று கத்தினான். ஒரு கதவு திறக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் வெளியே வந்தார்.

“நான்தான் தம்பி.”

அன்றிலிருந்து அவரை அவன் திட்டாத நாளில்லை. ஸ்பேனரும் கேபிளுமாகக் கனக்கும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போதெல்லாம் திட்டினான். அவரோ வாயைத் திறந்ததில்லை. அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மழை பெய்தால் அவன் மனைவியைக் கடைக்குக் கூட்டிப் போவார். இன்றைக்கும் அவர் காரில்தான் இங்கே வந்தார்கள். மனைவிதான் கேட்டு வைத்திருந்தாள். வழியெல்லாம் அவன் உர்ரென்று வந்தான்.

‘பண்ணின பாவத்துக்குப் பரிகாரம் பண்றான். பண்ணட்டும்’ என்பது அவன் தீர்ப்பு.

“இன்னியோட அந்த ஆள் சகவாசம் முடிஞ்சுது” என்று எழுந்தான். “கீழதானே நிக்கிறாரு? மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வர்றேன். என் பொழப்பைக் கெடுத்து உனக்கு என்னய்யா கிடைச்சுதுன்னு.”

மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“அவரை ஒண்ணும் கேக்காதீங்க. போன் பண்ணினது நான்.”

அவன் நின்றது நின்றபடி இருந்தான்.

“நீங்க இருந்த நிலைமையில பாப்பாவைக் கார்ல ஏத்திருவீங்களேன்னு பயந்துட்டேன். பதட்டத்துல நம்பரைக் கூடத் தப்புத் தப்பா அழுத்தினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எத்தனையோ நாள் வாயெடுத்தேன். நீங்க அவரைத் திட்டுற திட்டைக் கேட்டதும் அப்படியே முழுங்கிட்டேன்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, டிஷ்யூ டப்பாவை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

அவன் மெதுவாக உட்கார்ந்தான். என்னவோ கேட்க வாயெடுத்தவன், வேறொன்றைக் கேட்டான்.

“அன்னிக்கு... பாப்பாவை யாரு கூட்டிட்டு வந்தது?”

ஒரு வருஷமாக அவன் கேட்காத கேள்வி. கேட்கத் தோன்றாத கேள்வி.

“அவர்தான். போனை வெச்சுட்டு அழுதுக்கிட்டே அவர் கடைக்குத்தான் ஓடினேன். கடையைப் பாதியில சாத்திட்டுக் கிளம்பினாரு. பாப்பா ஈரத் தலையோட வாசல்ல நின்னுக்கிட்டு, அப்பா வருவார், உங்ககூட வரமாட்டேன்னு ஒரே அடமாம்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நகர்த்தி வைத்த டிஷ்யூ அவனுக்குத்தான் உதவியது.

“மூணு மடங்குதானேம்மா? போடுங்க. இதைவிடப் பெரிய விலை கொடுத்திருப்பேன். தப்பிச்சேன்.” பிறகு மனைவியிடம் குனிந்தான். “இனி குடிக்கிறதா இல்ல. அப்படியும் புத்தி கெட்டுக் கிளம்பினா, யோசிக்கவே யோசிக்காத. மறுபடியும் போன் பண்ணு.”

கீழே, கண்ணாடிக் கடைக்காரர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேலை முடிஞ்சுதா தம்பி?”

“சார்...” அவர் முன்னால் போய் நின்றான். “எல்லாம் சொல்லிட்டா சார். எதுக்கு சார் இத்தனை நாள் என்கிட்ட ஏச்சு வாங்கினீங்க?”

அவர் அவன் மனைவியை ஒருமுறை பார்த்தார். துணியை உதறி மடித்தார்.

“என்னோட சண்டை போட்டா உங்களுக்கு எதிர்வீடு ஒண்ணுதான் போகும் தம்பி. அவங்களோட போட்டிருந்தா, சொந்த வீடே போயிருக்குமே!”