பரணின் முதல் படி

காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியோடு காத்திருக்கும் இரும்புப் பரணில், ஏணியின் முதல் படியை நாச்சிமுத்து தன் கையாலேயே அறுத்துவிட்டார். பழைய வெல்டிங், தானாக விட்டுப்போய்விட்டது என்று மனைவி பொன்னாத்தாவிடம் சொன்னார். போன மாதம் மரவள்ளிக்குள் அசைந்த கறுப்பு உருவத்தைக் குறிபார்த்து விசையில் விரலை வைத்தபோதுதான் அந்த உருவம் இருமியது. கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள் பொன்னாத்தா. கண் மங்கிப்போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பரண் ஏறாமலிருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அவளோ மறுநாளே வெல்டிங் கடை ரபீக்கைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். ரபீக் விட்டுப்போன இடத்தைத் தடவிப் பார்த்தான். ரம்பப் பல் பட்ட கோடுகள் புதிதாக மின்னின. நிமிர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இரும்பு செத்துப்போச்சுங்கக்கா. ராடு வெச்சா ஓட்டை விழுந்துரும். விட்ருங்க.”

“அதெல்லாம் தாங்கும், நீ பத்த வெய்யி. இனி நாந்தான் ஏறப்போறேன்” என்றாள் பொன்னாத்தா. பிறகு கணவரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க கஞ்சி கொண்டாந்தாப் போதும். வர்றப்ப இருமிக்கிட்டே வாங்க.”

நாச்சிமுத்து குனிந்து, புல்லில் கிடந்த படியை எடுத்து ஏணியில் பொருத்திப் பிடித்தார். ரபீக் ராடை நீட்டியதும் படியைச் சற்றுக் கீழே இறக்கினார்.

“இங்க வெய்யி தம்பி. அங்க வெச்சா அவளுக்குக் கால் எட்டாது.”