மரநாய்க்கு வைத்த கேமரா

தோட்டத்தில் கட்டியிருந்த கேமராவில் ஒருவழியாக மரநாய் சிக்கிவிட்டது. தட்டிலிருந்த வாழைப்பழத்தை மொக்கிக்கொண்டிருந்தது.

மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பழம் வைத்தது யார்? வீட்டில் இருப்பது அவனும், இடுப்பெலும்பு ஒடிந்து மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடக்கும் அப்பாவும்தான்.

“அப்பா, ராத்திரி யாரோ பின்கதவைத் திறந்திருக்காங்க!”

“காத்துல திறந்திருக்கும். கேமராவை மூடி வைடா.”

முந்தைய படத்தைத் தட்டினான். தட்டும் கையுமாக, ஊன்றுகோல்கூட இல்லாமல் ஜம்மென்று நின்றிருந்தார் அப்பா.

மகன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

“மிருகம் வந்தாத்தான் படம் எடுக்கும்னு சொன்னியே!” என்றார்.

“எப்பலேர்ந்துப்பா நடக்கிறீங்க?”

“ஒரு மாசமா.” அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “சொன்னா, லீவை முடிச்சிட்டுக் கிளம்பிடுவியேடா.”