டீச்சர் விளையாட்டு

சுதர்ஷினி சிறுவனின் தோளில் சேலைத் தலைப்பை ஊசியால் குத்தினாள். கண்ணாடி இல்லாத பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை எடுத்து அவன் காதில் மாட்டிவிட்டாள்.

"அம்மா வகுப்புல எப்பிடிச் செய்வாங்களோ அப்பிடியே செய்யணும் தம்பி. ஒண்ணையும் விட்றாதீங்க."

ஆறு வயதுக் கிருஷாந்த் பெருமையாகத் தலையாட்டினான்.

வீட்டு ஹோல் நிறைய ஆட்கள். அவன் தங்கைக்கு இன்று பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. பாடசாலை அதிபர் ஜமால்தீன் சேரும் அவர் மனைவியும் சோபாவில் இருந்தார்கள். மற்ற ஆசிரியைகள் ரோல்ஸ் தட்டுகளோடு பின்னால்.

"லீவு முழுக்க இந்த நாடகம்தான் சேர். என்னை மாதிரியே செய்வானாம்," என்று அவன் அம்மா ஜெயரூபி டீச்சர் சிரித்தார். சேலையும் கண்ணாடிச் சட்டமும் அவரே கொடுத்தவை. படம் பிடிக்க போனையும் கையில் எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் லீவு தொடங்கியதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் சுதர்ஷினியை அவர் வைத்துக்கொண்டார். மழைக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. தோட்டத்தில் அவளுக்கு வேலை நின்றிருந்த நேரம்.

"போன் குடுக்காத. வெளிய விட்டா அட்டை கடிக்கும். ஏதாவது வெளயாட்டுக் காட்டு. அதுக்கு முந்தி சவுக்காரம் போட்டுக் கையக் கழுவு."

பேச்சு அவ்வளவுதான். அவள் எந்தத் தோட்டம், வீட்டில் யார் யார் என்று டீச்சர் கேட்கவில்லை.

சுதர்ஷினி தலையணைகளை அடுக்கி பஸ் ஓட்டினாள். காகிதக் கப்பல் செய்து வாளியில் விட்டாள். கட்டிலுக்கு அடியில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒளிந்தாள். மழை விடவில்லை. விளையாட்டுகள்தான் தீர்ந்துபோயின.

அப்போதுதான் கிருஷாந்த் டீச்சர் விளையாட்டு விளையாடலாம் என்றான். அவனுடைய வகுப்பு நேரத்தோடு முடிந்துவிடும். பிறகு தினமும் அம்மாவின் வகுப்பு மூலையில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எல்லாம் மனப்பாடம்.

அவன் டீச்சர். சுதர்ஷினி பிள்ளை.

முதல் தடவை அவன் செய்து காட்டியபோது, இது எந்தப் பிள்ளை என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னான்.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பி வந்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் செய்ய வைத்தாள். அவன் மறந்ததைக் கேட்டுக் கேட்டு எடுத்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. தன் பங்கு பிஸ்கட்டில் பாதியை அவளுக்கென்று ஒளித்து வைக்கிற பிள்ளை அவன். ஆனால் அவனை விட்டால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

இப்போது அவன் ஹோலின் நடுவே கதிரையில் ஏறி உட்கார்ந்தான். மேசையில் அடிமட்டத்தால் தட்டினான்.

"ஏய் ரப்பர், இங்க வா."

சுதர்ஷினி கைகட்டிக்கொண்டு போய் நின்றாள். அவன் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினான்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே அம்மாதான் என்று யாரோ சொன்னார்கள். டீச்சரும் சிரித்தார்.

"ஒன்கிட்ட ரப்பர் பால் நாறுது. ஒங்கம்மா கழுவவே மாட்டாளா?"

அவன் ஜக்கைத் தூக்கி அவள் தலையில் தண்ணீரை ஊற்றினான். பாதி ஜக் என்றுதான் முன்பு பழகியிருந்தார்கள். இன்று அவள் முழுதாக நிரப்பி வைத்திருந்தாள்.

சிரிப்பு குறைந்தது. டீச்சரின் போன் மெல்லக் கீழே இறங்கியது.

கிருஷாந்த் வாசலைக் காட்டினான். செருப்புகள் கிடந்த இடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். அவன் சோக்கட்டியால் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

"இதத் தாண்டினா முட்டியிலேயே அடிப்பேன்."

அதிபரின் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"போதும் கிருஷாந்த், உள்ள போ," என்றார் டீச்சர்.

"இருங்க டீச்சர்." ஜமால்தீன் சேர் சிறுவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மகன், யாரு அந்த ரப்பர்?"

"டிலுக்ஷி அக்கா சேர். இப்ப அவங்க ஸ்கூலுக்கு வாறதில்ல."

"சின்னப் பிள்ள சேர், டீவியில எதையாவது பாத்துட்டு…" என்று இழுத்தார் டீச்சர். பின்னால் நின்ற ஆசிரியைகளில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

அதிபர் வாசல் பக்கம் திரும்பினார். "நீங்க எழும்புங்க, தங்கச்சி."

சுதர்ஷினியின் தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் எழும்பவில்லை.

"டீச்சர் சொல்லாம எழும்பக்கூடாதுங்க சேர். எங்க புள்ள டிலுக்ஷி வீட்டுலயும் அப்பிடித்தான் ஒக்காந்திருக்கு."

கிருஷாந்துக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தானே டீச்சர். நான் சொல்றேன், எழும்புங்க அக்கா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவாள். ஜெயரூபி டீச்சரையே பார்த்தபடி வட்டத்துக்குள் இருந்தாள்.

"எழும்பு," என்றார் டீச்சர், வாய்க்குள்.

"கேக்கலீங்க டீச்சர்," என்றாள் சுதர்ஷினி.