பச்சைக் கல்லில் ஒரு குதிகால்

எண்பது ரூபாய்.

உடைந்த கல் ஒன்றுக்குச் செங்கல் சூளையில் கூலியிலிருந்து பத்து ரூபாய் பிடிப்பார்கள். இது எட்டாவது கல்.

முன்பணமாக வாங்கியது தனி. அது இந்த ஜென்மத்தில் தீராது. அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

குதிகாலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

சுடாத பச்சைக் கல் சத்தம் போடாது. நடுவில் விண்டு போயிற்று.

மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். புருஷன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி அச்சில் கல் அறுத்துக்கொண்டிருந்தான். அவனிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்று உடைத்தது தெரிந்தால் முதலாளி குடும்பத்தோடு துரத்துவார். துரத்திவிட்டு முன்பணத்துக்கு ஆள் அனுப்புவார்.

நேற்று அறுத்த கல்லெல்லாம் இடைவெளியில்லாமல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் புரட்டிவிட அதன் மேலேதான் நடக்க வேண்டும். பெரியவர்கள் ஏறினால் உடையும்.

பிள்ளைகள் பாரமில்லை. கல் புரட்டுகிறவர்களில் அவள் மகள் அமுலுவும் ஒருத்தி.

பிள்ளை கனத்துப்போய், மிதித்த இடம் உடைய ஆரம்பித்தால் மேஸ்திரி களத்தை விட்டு இறக்கிவிடுவார். இறங்கிய பிள்ளைகள் வேன் ஏறிப் பள்ளிக்கூடம் போயின.

வேன் வந்ததே குணவதியால்தான். பளு தூக்கிப் பதக்கம் வாங்கியவள், டிவியில் வருகிறவள். எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கக் கூடாது என்று சூளை சூளையாகப் போய்ப் பேசினாள். அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றாள். இங்கேயும் வந்தாள். மைக்கில் நாலு வார்த்தை பேசுவதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அமுலுவை ஒற்றைக் கையால் தூக்கினாள்.

"இன்னாம்மா இது, காத்தத் தூக்கற மாதிரி கீது. இதப் போயி வேலைக்கி வுட்டிருக்கீங்களே."

முதலாளி கை தட்டினார். மேஸ்திரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கல் சுமக்கிற பிள்ளைகளை மறுநாளே நிறுத்தினார்கள்.

கல் புரட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அது வேலையா? வெளாட்டு," என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து அவள் தன் தட்டுச் சோற்றில் பாதியை மகள் தட்டுக்குத் தள்ளினாள். முட்டை கிடைத்தால் முழுசாகத் தள்ளினாள். பிள்ளைக்கு உயரம் போட்டது. கனம் போடவில்லை. கோழிக்குஞ்சு மாதிரிக் கல் மேல் ஓடினாள்.

காலையில் வேன் போகும்போது அமுலுவின் கை நிற்கும். தூசி அடங்குகிற வரைக்கும் பார்ப்பாள். அப்புறம் இன்னும் வேகமாகப் புரட்டுவாள்.

அதைத்தான் பெற்றவளால் பார்க்க முடியவில்லை.

மேஸ்திரி வருவது தெரிந்தது. வரிசையை விட்டு இறங்கினாள். விடியற்காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"மேஸ்திரிண்ணா, இத வந்து பாரு. இவ ஒடம்பு வெச்சிட்டா. மிதிக்கிற எடமெல்லாம் ஒடையுது. இனிமே இவ களத்துக்கு ஆவமாட்டா."

அந்தக் கோடியில் குந்தியிருந்த அமுலு எழுந்து ஓடிவந்தாள்.

கல் மேலேயே ஓடிவந்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

"யம்மா பொய் சொல்லுது! நான் ஒரு கல்லுகூட ஒடைச்சதே இல்ல. வேணும்னா பாரு மேஸ்திரி."

ஒற்றைக் காலில் குதித்தும் காட்டினாள்.

"சும்மா கெடடி. கனத்துட்ட நீ," என்று அம்மா அதட்டினாள்.

"இல்ல!"

பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. களத்திலேயே பாரமில்லாதவள் என்று பேர் எடுத்தவள்.

மேஸ்திரி குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இரண்டாக வந்தது. ஒட்டவைத்துப் பார்த்தார்.

பெரிய குதிகால். பித்தவெடிப்பு கோடு கோடாக ஈரமண்ணில் விழுந்திருந்தது.

அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் அமுலுவின் காலைப் பார்த்தார். சேலைக் கரையைப் பார்த்தார். கல்லைத் திரும்பவும் பார்த்தார். டீக்கடையில் வாங்கிய பீடி காதிடுக்கில் அப்படியே இருந்தது.



"ஆமா," என்றார். "புள்ள நல்லாத்தான் கனத்துப் போச்சி."

அமுலு வாயைப் பிளந்தாள்.

"இன்னா மொறைக்கிற? எத்தினி கல்லு பாத்தவன் நானு. நாளைலேர்ந்து களத்துல உன் காலப் பாத்தேன், முட்டியப் பேத்துடுவேன். வேனு ரோட்டுக்கு வந்ததும் மொத ஆளா ஏறு."

அமுலு தேம்பினாள். பெற்றவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை. இடுப்பு கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

மேஸ்திரி கூடையை எடுத்துவந்து உடைந்ததை எல்லாம் பொறுக்கினார். இரண்டு நடையாகச் சுமந்துபோய் மண் குழைக்கிற குழியில் கொட்டினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். மேஸ்திரியான பிறகு அவர் குழியில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

யார் கால் என்று தெரியாமல் போகிற வரைக்கும் மிதித்தார்.

அவள் குழி ஓரம் போய் நின்றாள்.

"அண்ணா, கல்லுக் காசு எம்பது ரூவா..."

அவர் நிமிரவில்லை.

"எந்தக் கல்லு?"