சுவரைப் பார்த்த கல்

“இதுவும் வேண்டாம்” என்றாள் மதினி.

முத்தையாபுரத்துக் கிரானைட் கடையில் அவள் கழித்துக்கட்டாத நிறமில்லை. கறுப்பு, கிணறு மாதிரி இருக்கிறதாம். வெள்ளையில் மஞ்சள் கறை பிடிக்குமாம். சிவப்பைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படி மேடைக்குக் கல் பார்க்கிற நேரமா இது?

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில்தான் என் அண்ணன் டிக்சன் இருந்தான். போன மாதப் புயலுக்குப் பிறகு அந்தத் தோணியைக் கண்டவர் இல்லை. தேடப்போன படகுகளும் நேற்றுச் சாயங்காலம் வெறுமனே திரும்பிவிட்டன.

அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாள். இவளானால் விடிந்தும் விடியாமலும் வந்து, “கொழுந்தனாரே, கல்லு எடுக்கப் போவோம்” என்று நிற்கிறாள்.

“நான் வாரதுக்குள்ள அடுப்படிய முடிச்சிரு” என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனானாம். முடித்துவிட்டால் வந்துவிடுவானாம்.

மாதாவே, இவளிடம் எந்த வாயால் நான் சொல்வது?

கடைக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சியும் இன்று ஒரு மாதிரிதான் இருந்தார். வாய் ஓயாத மனிதர், மதினியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க மதினி, போவோம்.” அதட்டிய பிறகுதான் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அவள் காதில் வாங்கவில்லை. கொட்டகையின் கடைசிக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு கற்பலகை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“இதத் திருப்புங்க அண்ணாச்சி.”

“அது வேண்டாம்மா. உனக்கு அது வேண்டாம்.”

அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஆட்களைக் கூப்பிட்டார்.

சாம்பல் நிறம். நடுவே ஒரு வெள்ளை வரி ஓடி வந்து, அறுத்த விளிம்பில் பாதியில் நின்றது.

“தோணியில ஏத்தினது இந்தப் பாறையில அறுத்த கல்லுதான?”

அண்ணாச்சி தலையை ஆட்டினார். “மாலத்தீவுல ஓட்டல் கட்டுறதுக்குன்னு கேட்டானுவ. மிச்சம் நின்னது இந்த ஒண்ணுதாம்மா.”

மதினி இரண்டு உள்ளங்கையையும் கல்லில் பதித்தாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை.

“மத்ததெல்லாம் கடலடியில அவங்க கூடக் கிடக்கு. இது என் கூட இருக்கட்டும்.”

அண்ணாச்சி அளவு நாடாவை எடுக்கப் போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.