இருபத்தேழாம் நம்பர் வீடு

“நேத்தே சொன்னேன்லப்பா சூசைமாணிக்கம், தமிழ்நிலான்னு இந்த வீட்ல யாரும் இல்லன்னு. இன்னைக்கும் அதையே தூக்கிட்டு வாரியே?”

கேட்டுக்கு உள்ளே நின்றபடியே கேட்டாள் ராமுத்தாய். தபால்காரர் சூசைமாணிக்கம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, பழுப்புக் கவரை மறுபடியும் நீட்டினார்.

“நம்பரப் பாருங்கம்மா. இருபத்தேழு. வீட்டுப் பேரு முருகன் இல்லம். நாகல் நகர். எல்லாம் உங்க வீடுதான். மாடியில யாரும் வாடகைக்கு...?”

“வாடகையாவது கீடகையாவது! இருக்கது நானும் அவரும். மகனுக ரெண்டு பேரும் வெளியூரு. என் மருமகளுக பேரு எனக்குத் தெரியாதா?”

“சொந்தக்காரப் புள்ள ஏதும்...?”

“எங்க வகையறாவுலயே அப்படி ஒரு பேரு கெடையாது.”

சூசைமாணிக்கம் கவரைத் திருப்பிப் பார்த்தார்.

“நர்ஸ் படிப்புக்கு வந்த இன்டர்வியூ கார்டும்மா. மேலேயே அச்சடிச்சிருக்கு. வர்ற வியாழக்கிழமை இன்டர்வியூ. இது திரும்பிப் போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு எடம் போயிரும்.”

“போகட்டுமே. அடுத்தவுக வீட்டு விலாசத்தக் குடுத்தவளுக்கு எடம் எதுக்கு?”

ராமுத்தாய் பயந்ததற்கும் காரணம் இருந்தது. செம்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் குடியிருந்தவரைக் காலி பண்ணச் சொன்னபோது, அந்த ஆள் அந்த விலாசத்துக்குத் தன் பேரில் வந்த கடிதாசிகளையெல்லாம் கட்டாகக் கட்டிக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். ஆறு வருசமாக அண்ணன் வாய்தாவுக்கு அலைகிறார்.

“இன்னைக்கு லெட்டர் வரும். நாளைக்கு இதே நம்பர்ல ரேஷன் கார்டு வாங்குவா. அப்புறம் நானும் இந்த வீட்லதான் இருக்கேன்னு வந்து நிப்பா. அவரு ரிட்டயரான பணத்துல கட்டுன வீடுப்பா இது.”

“செத்த யோசிச்சுப் பாருங்கம்மா.”

“யோசிக்க ஒண்ணுமில்ல. இந்த விலாசத்தில் இல்லைன்னு எழுது. என் கண்ணு முன்னாடி எழுது.”

சூசைமாணிக்கம் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.

“ஆபீஸ்ல போய் எழுதிக்கிறேம்மா.”

“எப்படியோ எழுதித் தொலை. நாளைக்கும் இதக் கொண்டாந்தேன்னா உங்க ஆபீசருகிட்டப் புகார் குடுத்துருவேன், ஆமா.”

அவர் கவரைப் பைக்குள் வைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் உடையப்பன் தலையைத் தூக்கினார்.

“யாரோ பச்சப்புள்ள போலருக்கே. நம்பரத் தப்பா எழுதியிருக்கும்.”

“நம்பரு தப்பாகும். வீட்டுப் பேருமா தப்பாகும்? வாசல்ல போர்டப் பாத்து எழுதிட்டுப் போயிருக்கா கள்ளி.”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ராமுத்தாய் காலைக் கழுவிவிட்டுப் பூஜைக்குப் போனாள்.

ஒரு மாதம் ஓடியது.

பூக்காரி பேச்சாயியை நேரில் பார்ப்பதே அபூர்வம். விடியுமுன் பூப்பொட்டலத்தைக் கேட்டில் மாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு என்னவோ காலை பத்து மணிக்கு, மகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் இலையில் சுற்றிய மல்லிகைப் பந்து.

“வா பேச்சாயி. அடடே, பாப்பாவா இது? எம்புட்டு வளந்துட்டா! ரெண்டாப்புப் படிக்கையில ஒன் சேலையப் பிடிச்சுக்கிட்டு வந்த புள்ள. உள்ள வா பாப்பா.”

“அம்மா, பாப்பாவுக்கு நர்சு படிக்க எடம் கெடச்சிருச்சும்மா!”

ராமுத்தாய்க்கு எங்கேயோ இடித்தது. அதற்குள் அந்தப் பெண் காலில் விழுந்துவிட்டாள்.

“எல்லாம் உங்க புண்ணியம்மா,” என்றாள் பேச்சாயி. “சித்திரையில வந்து கேட்டேனே, ஞாபகம் இருக்கா? நாங்க வாய்க்காக்கரைப் பொறம்போக்குல கெடக்கோம், குடிசைக்கு நம்பரே கெடையாது, பாரத்துல கதவு நம்பர் போடச் சொல்றாகன்னு. ‘அதுக்கென்ன, எங்க வீட்டு விலாசத்தப் போட்டுக்க’ன்னு சொன்னீங்கள்ல?”

சொல்லியிருந்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

“லெட்டரு ஆவணியிலதான் வரும்னாக. அதான் உங்ககிட்ட வந்து கேக்கல. ஆடியிலயே வந்துருச்சு. எடம் கெடச்சப்பறம் போய்ச் சொல்லுவோம்னு பாப்பாதான் நிறுத்தி வச்சுச்சு. காட்டு பாப்பா.”

பெண் ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினாள். ராமுத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். க. தமிழ்நிலா, த/பெ கருப்புசாமி, 27, முருகன் இல்லம்.

“ஒம் பேரு... தமிழ்நிலாவா?”

“ஆமாம்மா,” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

பத்து வருசமாக அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். வேறு பேர் இருக்குமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

ராமுத்தாய் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது... இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள்.

“தெரியாத மாதிரி கேக்குறீங்களேம்மா!” பேச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போஸ்ட்மேனு ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா விசாரிச்சு, எங்க குடிசைக்கே கொண்டாந்து குடுத்தாரு. கையெடுத்துக் கும்புட்டேன். ‘என்னய எதுக்குத்தா கும்புடுற? அந்தப் புள்ளய எப்பாடுபட்டாவது தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்துருன்னு சொல்லி அனுப்புனதே இருபத்தேழாம் நம்பர் அம்மாதான்’னாரும்மா.”