இரண்டு கறுப்பு வட்டங்கள்

ஸ்ரீதருக்குச் சென்னையில் வேலை தயார். சிதம்பரம் கல்லூரியில் இந்தப் புராஜெக்ட் வைவா மட்டும் பாக்கி.

கடலூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த மணவாளன், அவனுடைய இன்ஃப்ராரெட் கேமரா முன் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் திரையில் அவர் முகம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது.

"உடம்புச் சூட்டை வச்சே படம் காட்டும் சார். சாஃப்ட்வேர் முழுக்க நானே எழுதுனது."

"கண்ணுகிட்ட என்னப்பா, ரெண்டு கறுப்பு வட்டம்?"

மனப்பாடம் செய்துவைத்திருந்த பதிலை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான் ஸ்ரீதர்.

"உங்க மூக்குக்கண்ணாடி சார். கண்ணாடி சூட்டை வெளிய விடாது."

"சரியான பதில்."

மணவாளன் பேனாவை மூடினார்.

"போன வருசம் உங்க சீனியரும் என்னைய உக்கார வச்சு, என்னோட இதே படத்தக் காட்டி, இதையேதான் சொன்னான். தை மாசம் கண் ஆபரேஷன் பண்ணி, நான் கண்ணாடிய கழட்டிட்டேன். உன் கேமராவுக்குத்தான் சேதி போவல போல."